ஆறு மார்க் அக்கா

ஜூன் 3, திங்கள்

விவசாய விளையாட்டு ஒருவழியாக முடிந்தது. பதினெட்டு மணி நேரம் தக்காளி நட்டிருக்கிறேன். மண்வெட்டி மண்ணில் இறங்கும் ஓசை அருமை. மற்றபடி, மழை பெய்தால் பக்கத்துத் தோட்டக்காரர் "நல்ல மழை" என்கிறார். வெள்ளத்தில் அவர் வீடே மூழ்கிய அன்றும் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி அதையேதான் சொன்னார். பத்துக்கு ஆறு.

'பொத்தான்' இணைய இதழில் என் பத்தியின் பெயர் 'நடுவாந்தரம்'. பிரமாதமான வீடியோ கேம்களைச் சென்னை அலுவலகத்தில் இருப்பவர்கள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்வார்கள். படுமோசமானவற்றைத் திட்டி எழுதுவதற்கு ஆசிரியர் தமீமே சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வருவார். நடுவில் மிஞ்சுவதெல்லாம் திருநெல்வேலிக்கு, செண்பகவல்லி என்ற என் பெயருக்கு வரும். ஏழு ஆண்டுகளில் முந்நூற்றுப் பதினோரு விமர்சனம். பாதிக்கு மேல் ஆறு மார்க். வாசகர்கள் என்னை ஆறு மார்க் அக்கா என்கிறார்கள். முதலில் கோபம் வந்தது, இப்போது யாராவது அப்படிக் கூப்பிடாவிட்டால்தான் ஒரு மாதிரி இருக்கிறது.

மதியம் தமீமிடமிருந்து மின்னஞ்சல். பிரிசில்லாவின் விளையாட்டு பதினெட்டாம் தேதி வெளியாகிறதாம். விமர்சகர்களுக்கான பிரதியை எனக்கே அனுப்பியிருக்கிறார். "உங்க ஊர்க்காரங்க, உங்க பழைய ஜோடி, நீங்க எழுதினாத்தான் நல்லா இருக்கும் அக்கா" என்று கீழே ஒரு வரி.

'சரி' என்று பதில் போட்டேன். பிறகு அடுப்பைத் தேய்த்துக் கழுவினேன். நேற்றுதான் கழுவியது.

ஜூன் 5, புதன்

லாரிப் பந்தய விளையாட்டுக்கு நான்கு கொடுத்தேன். வளைவில் லாரியைத் திருப்புவது பீரோவை நகர்த்துகிற மாதிரி இருக்கிறது. தமீம் தொலைபேசியில் கூப்பிட்டு, நான்கு ரொம்பக் குறைவு இல்லையா, ஆறு தரலாமே என்றார். மார்க்கில் தலையிட வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிட்டேன்.

காலையில் ஆங்கில நாளிதழில் பிரிசில்லாவின் பேட்டி வந்திருந்தது. பாளையங்கோட்டை வீட்டு மாடி அறையில் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். மெலிந்துவிட்டாள். நான்கு ஆண்டு உழைப்பாம். தலைப்பிலேயே 'தனியாளாக' என்று போட்டிருக்கிறார்கள். அந்த வார்த்தையை மூன்று முறை படித்தேன்.

தனியாளாம். என் அப்பா பேருந்து நிலையத்தில் தவறிய பொருட்கள் அறையில் எழுத்தராக இருந்தவர். பேருந்தில் சனங்கள் விட்டுவிட்டுப் போகும் சாமான்களைப் பதிவேட்டில் ஏற்றி, தேடி வருகிறவர்களிடம் ஒப்படைக்கும் வேலை. அந்த அறையை வைத்து ஒரு விளையாட்டு செய்யலாம் என்று முதலில் சொன்னது நான். ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னால், கட்டம் போட்ட நோட்டில் படம் வரைந்து, அவள் வீட்டு மேசையில் விரித்துக் காட்டியதும் நான். நோட்டு அங்கேயே தங்கிவிட்டது. இன்று அவள் பேட்டி கொடுக்கிறாள், விளையாட்டின் பெயர் 'தவறிய பொருட்கள்'.

நாங்கள் இருவரும்தான் 'நடுவாந்தர'த்தைத் தொடங்கினோம். மேலே என் பத்தி, கீழே அவள் பத்தி, இருவரும் சண்டை போட்டு ஒப்புக்கொண்ட ஒரு மார்க். இரண்டு ஆண்டு அப்படிப் போயிற்று. அவள் விளையாட்டு செய்யப் போகிறேன் என்று விலகினாள். நான் இருந்துவிட்டேன்.

ஜூன் 6, வியாழன்

பிரதியைத் திறக்கவில்லை. போர்வைகளைத் துவைத்தேன்.

ஜூன் 8, சனி

திறந்தேன். எதற்கோ சம்மதம் கேட்டது. விமர்சகர் பிரதி என்றாலே இப்படி நாலு பக்கத்துக்குக் கேட்பார்கள். வழக்கம்போல் படிக்காமல் அழுத்தினேன்.

ஒரு சிற்றூர்ப் பேருந்து நிலையம். நாம் அங்கே புதிதாக வந்த எழுத்தர். முப்பது நாள் வேலை. ஒவ்வொரு நாளும் நடத்துநர்கள் கொண்டுவந்து போடும் பொருட்களைப் பார்த்து, முகர்ந்து, மடிப்பைப் பிரித்து, யாருடையது என்று கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். யாராவது உரிமை கேட்டு வந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களைச் சொல்லச் சொல்ல வேண்டும். சொல்லத் தெரிந்தால்தான் பொருள் கைக்குப் போகும். இது அப்பாவின் விதி. ஐம்பது வயது ஆள் வந்து அழுதாலும் அப்பா இந்த விதியைத் தளர்த்தியதில்லை.

குறைகள்: தொடக்கம் மெதுவாக இருக்கிறது. நடக்கும் வேகம் போதாது. அறையில் இருக்கும் ஏணி மேல்தட்டுக்கு எட்டவில்லை. ஏணி வைத்தால் எட்ட வேண்டாமா? அடிப்படை வடிவமைப்பே தெரியவில்லை.

ஒரு மணி நேரம் ஆடியிருப்பேன். கூட ஒன்றிரண்டு இருக்கலாம்.

ஜூன் 11, செவ்வாய்

பேய் விளையாட்டு ஒன்று. கைவிடப்பட்ட மருத்துவமனை, கையில் டார்ச். பேயைவிட டார்ச் பேட்டரி தீர்வதுதான் பயமாக இருக்கிறது. ஆறு.

தமீமிடம் பேசும்போது விஷயம் தெரிந்தது. பிரிசில்லாவின் விளையாட்டை வெளியிடுவது வெளிநாட்டுக் கம்பெனி. அவர்கள் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்களாம். எல்லா இதழ்களின் மார்க்கையும் சேர்த்துச் சராசரி போடும் தளத்தில், ஜூன் முப்பதாம் தேதி நூற்றுக்கு எழுபது இருக்க வேண்டும். இருந்தால் உலகம் முழுக்க எடுத்துப் போவார்கள், அடுத்த விளையாட்டுக்கும் அவளோடு ஒப்பந்தம். அறுபத்தொன்பது என்றால் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள். எங்கள் தொழிலில் இது உள்ள வழக்கம்தான்.

அந்தத் தளத்தின் இன்னொரு வழக்கம், ஒருமுறை போட்ட மார்க்கை மாற்ற முடியாது. விமர்சகர் விளையாட்டை முடிக்காமலே எழுதிவிட்டார் என்று இதழே எழுதிக் கொடுத்தால் மட்டும் அந்த விமர்சனத்தை நீக்குவார்கள். போன வருஷம் பெங்களூர் விமர்சகர் ஒருவருக்கு அது நடந்தது. பாதியில் விட்டுவிட்டு முழுசாக ஆடியதாக எழுதியிருக்கிறார். நாங்களெல்லாம் ஒரு வாரம் அவரை வைத்துச் சிரித்தோம். நானாக இருந்தால் இந்தத் தொழிலையே விட்டிருப்பேன்.

ஜூன் 12, புதன்

விமர்சனத்துக்காக இன்றும் கொஞ்சம் ஆடினேன்.

என் கணவர் ஐந்தரைக்குக் கல்லூரியிலிருந்து வந்தார். ஆய்வகத்தில் உதவியாளர், வந்ததும் கையை இரண்டு முறை கழுவுவார். கழுவிவிட்டுப் பார்த்தால் மதியச் சாப்பாடு மூடியது மூடியபடி இருந்திருக்கிறது. என்ன விளையாட்டு என்று கேட்டார். சும்மா நடுத்தரமான ஒன்று, சுமார்தான் என்றேன்.

"சுமார் விளையாட்டுக்கா சோத்த மறந்துட்டு உக்காந்திருக்க?" என்றார். ஆவுடையப்பனுக்கு விளையாட்டுகளைப் பற்றி ஒன்றும் தெரியாது.

ஜூன் 14, வெள்ளி

இன்று அந்தக் கோழி வந்தது.

அப்பா காலத்தில் தென்காசிப் பேருந்தில் யாரோ கூடையோடு ஒரு கோழியை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பதிவேட்டில் 'கோழி – 1' என்று எழுதினார். மறுநாள் காலை அது முட்டை போட்டிருந்தது. அப்பா அதற்குத் தனி எண் கொடுத்து 'முட்டை – 1' என்று எழுதினார். கோழிக்காரி வந்து கோழியைக் கேட்டாள். முட்டையைப் பற்றிச் சொல்லத் தெரியவில்லை. முட்டையை எப்படிக் கொடுப்பது என்று அப்பா அரை நாள் யோசித்தாராம். இதை நான் பிரிசில்லாவிடம் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அது அப்படியே விளையாட்டில் இருக்கிறது. முட்டை என் அப்பாவுடையது. ஒற்றை ஊன்றுகோல் என் அப்பாவுடையது. அதை ஊன்றி வந்தவர் அது இல்லாமல் எப்படி இறங்கிப் போனார் என்று அப்பா கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தார். பல்செட், கட்டுப் பிரிக்காத கல்யாணப் பத்திரிகைகள், எல்லாம் வருகின்றன. எனக்கு உடம்பே எரிந்தது.

இன்னொன்றும் கவனித்தேன். டீக்கடைக்காரர் ஒவ்வொரு மழைக்கும் வேறு வேறு சொல்கிறார். ஒரு மழைக்குக் கூரையைப் பார்க்கிறார், ஒரு மழைக்கு மகளைப் பற்றிப் பேசுகிறார், ஒரு மழைக்குப் பேசுவதேயில்லை. கதவுகள் எல்லாம் திறக்கின்றன. மற்ற விளையாட்டுகளைப் போல நடுவில் மீன் பிடிக்கச் சொல்லிக் கழுத்தறுக்கவில்லை. ஏழு ஆண்டுகளாக நான் 'நடுவாந்தர'த்தில் என்னென்ன குறை சொன்னேனோ அத்தனையையும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரி செய்திருக்கிறாள். முந்நூற்றுப் பதினோரு விமர்சனத்தையும் படித்திருக்கிறாள் போல. நான் இலவசமாகப் பாடம் நடத்தியிருக்கிறேன்.

மேல்தட்டில் ஒரு பழுப்பு ரெக்சின் பை இருக்கிறது. எண் நாற்பத்தேழு. பதிவேட்டில் உரிமையாளர் இடம் காலி. அந்தப் பையை எடுக்கத்தான் இன்று பாதிப் பொழுது போயிற்று. பெட்டிகளை அடுக்கினேன், குடையால் தட்டினேன், கோழியைக்கூடப் பறக்கவிட்டுப் பார்த்தேன். எட்டவில்லை. அந்தப் பாழாய்ப்போன ஏணி.

ஜூன் 15, சனி

கொஞ்சம் ஆடினேன். சாம்பார் அடிப்பிடித்துவிட்டது.

ஜூன் 17, திங்கள்

முப்பதாம் நாள். வேலை முடிந்து கடைசிப் பேருந்து வந்து நிற்கிறது. நடத்துநர் படியில் நின்று, "ஏறுதீங்களா?" என்று கேட்கிறார். ஏறினால் விளையாட்டு முடியும்.

தலை வலித்தது. ஏறவில்லை. அறைக்குத் திரும்பிப் போய் அலமாரிகளை அடுக்கினேன். பேருந்து அங்கேயே நின்றது. விளக்கைத் துடைத்தேன். பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். மறுபடி வாசலுக்குப் போனேன். "ஏறுதீங்களா?" என்றார். மீண்டும் அறைக்கு வந்தேன். மாலை வரை இப்படியே.

உண்மையில் தலை வலித்தது.

ஜூன் 18, செவ்வாய்

வெளியாகிவிட்டது. இதுவரை ஆறு இதழ்கள் எழுதியிருக்கின்றன, சராசரி எழுபத்திரண்டு. 'மென்மையான அற்புதம்' என்று ஒருவர். இன்னொருவர் கோழியைப் பற்றியே மூன்று பத்தி எழுதியிருக்கிறார். "இந்த முட்டையைக் கற்பனை செய்த மூளைக்கு வணக்கம்" என்று முடித்திருக்கிறார்.

வியாழக்கிழமைக்குள் வேண்டும் என்கிறார் தமீம்.

ஜூன் 20, வியாழன்

அனுப்பிவிட்டேன். மாலையே வெளியிட்டுவிட்டார். கடைசிப் பத்தியை இங்கே எழுதி வைக்கிறேன், நன்றாக வந்திருக்கிறது:

"தவறிய பொருட்களைத் தேடிக் கொடுக்கும் விளையாட்டு, தன் வேகத்தைத் தவறவிட்டிருக்கிறது. ஏணி மேல்தட்டுக்கு எட்டாதது போன்ற அடிப்படை வடிவமைப்புக் குறைகள் எரிச்சலூட்டுகின்றன. முப்பது நாளும் நம்மை ஏங்கவைக்கும் நாற்பத்தேழாம் எண் பை, கடைசியில் காலிப் பைதான். முடிவு சப்பென்று இருக்கிறது. பத்துக்கு ஐந்து."

ஐந்து என்பது என் நேர்மையான கருத்து. கணக்கெல்லாம் நான் போட்டுப் பார்க்கவில்லை.

ஜூன் 21, வெள்ளி

சராசரி அறுபத்தொன்பது.

வாசகர்கள் ஆச்சரியப்பட்டிருக்கிறார்கள். ஆறு மார்க் அக்காவே ஐந்து தந்தால் அது எவ்வளவு மோசமாக இருக்கும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்கு எண்பது பேர் விருப்பம் தெரிவித்திருக்கிறார்கள்.

நேற்று நன்றாகத் தூங்கினேன். சீலா மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன், இவர் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். தெருக் கிரிக்கெட் விளையாட்டு ஒன்றுக்கு எட்டு மார்க் கொடுத்தேன். பந்து சுவருக்குள் புகுந்து காணாமல் போகிறது, அதற்கும் அம்பயர் நாலு ரன் தருகிறார். போகட்டும், உலகில் கொஞ்சம் தாராளமாக இருந்தால் என்ன? என்ன ஆச்சு உங்களுக்கு என்று தமீம் சிரித்தார்.

ஜூன் 24, திங்கள்

காலை பதினொரு மணிக்குப் பிரிசில்லா வந்தாள். சொல்லாமல் கொள்ளாமல். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நாலு வருஷத்துக்குப் பிறகு என் வீட்டுப் படி ஏறுகிறாள். காப்பி வேண்டாம் என்றாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நானும் தயாராக இருந்தேன். தயாரிப்பாளர் விமர்சகரைத் தேடி வீட்டுக்கு வருவது முறையா என்று கேட்பதற்கு வாக்கியம்கூட யோசித்துவிட்டேன்.

அவள் மடிக்கணினியைத் திறந்து மேசையில் வைத்தாள். பெயர்கள் இல்லாத ஒரு பட்டியல். விமர்சகர்களுக்கு அனுப்பிய பிரதிகள் பதினொன்று, ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை மணி நேரம், எங்கெங்கே போனார்கள், எங்கே நின்றார்கள். எட்டாம் தேதி படிக்காமல் சம்மதம் கொடுத்தேனே, அது இதற்குத்தான். பதினைந்து மணி நேரம், பன்னிரண்டு, பதினெட்டு என்று இருந்தது. எனக்கு அனுப்பிய ஏழாவது பிரதிக்கு எதிரே ஐம்பத்து மூன்று.

"அஞ்சு குடுத்தது உன் இஷ்டம்ட்டி. அதப் பேச வரல" என்றாள். "ஐம்பத்தி மூணு மணி நேரம் ஆடியிருக்க. வேற யாரும் இவ்வளவு ஆடல. ஆனா நீ கடைசி பஸ்ல ஏறவே இல்லயே. அப்பறம் பை காலின்னு எப்படி எழுதுன?"

வெங்காயம் கையில் இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அது உதவியாக இருந்தது. முடிவு எப்படி இருக்கும் என்று அனுபவத்தில் தெரியும், முந்நூறு விளையாட்டு ஆடியவளுக்குத் தெரியாதா, இந்த மாதிரிப் பைகள் எப்போதும் காலியாகத்தான் இருக்கும் என்று ஏதோ உளறினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உள்ள என்ன இருக்குன்னு சொல்லத் தெரியாதவங்க உரிமை கேக்கக் கூடாது. உங்கப்பா சொல்வாங்கன்னு நீதான எனக்குச் சொன்ன."

அவ்வளவுதான். மடிக்கணினியை மூடினாள். யாரிடமும் சொல்ல மாட்டேன், நீ பயப்படாதே என்றாள். செருப்பை மாட்டும்போது என் மகளிர் சங்கப் பொங்கல் விழாப் படத்தைப் பார்த்து, தலைமுடி இப்படி வெட்டினால் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஜூன் 25, செவ்வாய்

வீட்டை ஒட்டடை அடித்தேன். யாரிடமும் சொல்ல மாட்டாளாம். யார் கேட்டார்கள்?

ஜூன் 26, புதன்

இந்த நோட்டிலாவது பொய் எழுதாமல் இருக்கலாம்.

கணக்குப் போட்டேன். பதினெட்டாம் தேதியே, மின்கட்டணச் சீட்டின் பின்பக்கத்தில். ஆறு இதழ், எழுபத்திரண்டு. நான் ஆறு கொடுத்தால் சராசரி எழுபதில் நிற்கும், ஐந்து கொடுத்தால் அறுபத்தொன்பதுக்கு இறங்கும். இருநூறு முறை கண்ணை மூடிக்கொண்டு கொடுத்த அந்த ஆறை அவளுக்கு மட்டும் கொடுக்கக் கை வரவில்லை.

நோட்டும் அவள் வீட்டில் தானாகத் தங்கவில்லை. நான் விட்டுவிட்டு வந்தேன். சேர்ந்து செய்வோம் வா என்று மூன்று முறை கூப்பிட்டாள். கல்யாணம், வீட்டுக் கடன், இதையெல்லாம் யார் ஆடுவார்கள் என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொன்னேன். உண்மையான காரணம், செய்து பார்த்து அது ஆறு மார்க் விளையாட்டாக வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். மற்றவர்கள் செய்ததற்கு மார்க் போடுவது எவ்வளவோ சுலபம். நாலு வருஷத்துக்கு முன்னால் இங்கே வந்து, "உங்கப்பா கதய நான் எடுத்துக்கிடட்டா?" என்று கேட்டாள். எடுத்துக்கொள், எனக்கு எதற்கு என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவள் போனபிறகு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

பேருந்தில் ஏறாததற்கும் தலைவலி காரணமில்லை. ஏறினால் முடிந்துவிடும். முடிந்துவிட்டால் அது நன்றாக இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதைவிட, அப்பாவின் அறையை விட்டு வெளியே வர வேண்டும்.

இன்று இவர் வேலைக்குப் போனதும் உட்கார்ந்தேன். வாசலுக்குப் போனேன். "ஏறுதீங்களா?" என்றார் நடத்துநர். ஏறினேன்.

சன்னலோர இருக்கை. பேருந்து கிளம்பவில்லை. நடத்துநர் இறங்கி அறைக்குள் போகிறார். நெட்டை ஆள். ஏணி இல்லாமலே கையை நீட்டி நாற்பத்தேழாம் எண் பையை எடுத்துவந்து நம் மடியில் வைக்கிறார். பிறகு பதிவேட்டை நீட்டுகிறார். உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் கோடு மட்டும் மினுங்குகிறது. நாம்தான் எழுத வேண்டும்.

எந்தப் பெயரை எழுதினாலும் பை திறக்கும் என்று எனக்குத் தெரியும். இந்தத் தொழிலில் இத்தனை வருஷம் இருந்தவளுக்கு அதுகூடவா தெரியாது. முதலில் செண்பகவல்லி என்றுதான் எழுதினேன். எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அழித்துவிட்டு, பிரிசில்லா என்று எழுதினேன். என் விரலில் இவ்வளவு கனம் இருந்து பார்த்ததில்லை.

பை திறந்தது. உள்ளே கட்டம் போட்ட நோட்டு. முதல் பக்கத்தில் ஒரு அறை, அலமாரி, மேசை, விளக்கு. பால்பாயின்ட் பேனாவில் நான் வரைந்தது, அவள் அப்படியே படம் பிடித்து வைத்திருக்கிறாள். அளவு தெரியாமல் ஏணியைக் குட்டையாக வரைந்திருக்கிறேன். அது மேல்தட்டுக்கு எட்டவில்லை. அவள் அதைத் திருத்தவில்லை. என் முந்நூற்றுப் பதினோரு விமர்சனத்துக் குறைகளையும் சரி செய்தவள், என் ஏணியை மட்டும் நான் வரைந்தபடியே விட்டுவைத்திருக்கிறாள்.

பேருந்து கிளம்பியது. உருவாக்கத்தில் பங்கிருந்தவர்களின் பெயர்கள் திரையில் ஓடத் தொடங்கின. மூன்றாவதாக அப்பாவின் பெயர் வந்தது, 'எழுத்தர்' என்று பதவியோடு. நான் அழுதேன். அழுகையின் நடுவிலும், இது எனக்குத் தோன்றவில்லையே, இவளுக்கு எப்படித் தோன்றியது என்று வயிறு எரிந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும் என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஜூன் 27, வியாழன்

தமீமை அழைத்து நடந்ததைச் சொன்னேன். அந்தத் தளத்துக்கு எழுதிக் கொடுங்கள், என் விமர்சனத்தை நீக்கட்டும் என்றேன்.

"அக்கா, அந்தம்மாவே யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லிட்டாங்க. அப்படியே விட்டுடலாம்" என்றார்.

முப்பதாம் தேதி வரைதான் நேரம் இருக்கிறது, விட முடியாது என்றேன். இப்படி எழுதிக் கொடுத்தால் பத்தியை நிறுத்த வேண்டி வரும், வாசகர்களுக்குக் காரணமும் சொல்ல வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அது எனக்குத் தெரியும். பெங்களூர்க்காரரைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பெல்லாம் இனி என் பக்கம் திரும்பும்.

இவரிடமும் மாலையில் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அன்னைக்கே நெனச்சேன், சுமார் விளையாட்டுக்கு யாரும் பட்டினி கெடக்க மாட்டாங்க" என்றார். பிறகு அவரே தோசை ஊற்றினார்.

ஜூன் 29, சனி

என் விமர்சனத்தை நீக்கிவிட்டார்கள். சராசரி மீண்டும் எழுபத்திரண்டு.

நீக்கிய காரணத்தையும் தளத்தில் போட்டிருப்பதால் என்னைக் கேலி செய்து எழுதுகிறார்கள். சுழியம் மார்க் அக்கா என்று ஒருவர். நன்றாகத்தான் இருக்கிறது. நான் எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

ஜூன் 30, ஞாயிறு

இன்று கெடு முடிகிறது, எழுபத்திரண்டு அப்படியே நிற்கிறது. பிரிசில்லாவிடமிருந்து ஒரு வரி வந்தது: "ஏறிட்ட போல." இன்னும் என் பிரதியைக் கவனித்துக்கொண்டிருக்கிறாள், கள்ளி. பதில் எழுதவில்லை. நாளை எழுதலாம்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. உலகம் முழுக்க அந்தக் கோழியைப் பார்க்கப் போகிறார்கள், பெயர் அவளுக்குத்தான். இப்போது என்னிடம் மார்க் கேட்க யாரும் இல்லை, இருந்தாலும் இந்த நோட்டில் போட்டு வைக்கிறேன். பத்துக்கு எட்டு. ஒன்பது தரலாம்தான், மனம் வரவில்லை.

'நடுவாந்தர'த்தின் கடைசிப் பதிவு இன்று காலை வெளிவந்தது. கடைசி வாக்கியம் யாருக்கும் புரியாது, எடுத்துவிடலாம் என்று தமீம் எவ்வளவோ சொன்னார். மற்றதில் எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், அதை மட்டும் தொடாதீர்கள் என்றேன். அதை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்:

"'தவறிய பொருட்கள்' விளையாட்டை முடிக்காமலே நான் விமர்சனம் எழுதினேன். தயாரிப்பாளர் மேல் இருந்த பொறாமையால் முடிவைப் பற்றிப் பொய் சொன்னேன். விமர்சனமும் மார்க்கும் திரும்பப் பெறப்பட்டுள்ளன. பை காலியாக இல்லை. ஏணி குட்டையாக இருப்பதும் தயாரிப்பாளரின் குறை அல்ல. அதை வரைந்தது நான்."